சோபனா ஸ்டூல் போட்டு ஒக்காந்த கதை

"உங்க மூஞ்சியப் பெருசாப் போடறதுக்கு நான் எதுக்குங்கண்ணா? போஸ்டர் அடிக்கறவன் போதும்!"

பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டுல, பெரியண்ணன் மண்டியில, அத்தன பேரு முன்னால சோபனா இப்படித்தான் வெடுக்குன்னு கேட்டா. ஏலம் முடிஞ்சு ஆளுங்க டீ குடிச்சிட்டிருந்த நேரம். கிளாஸ வாய்க்குக் கொண்டு போனவன் அப்படியே நின்னுட்டான். பொட்டி தூக்கறவன் தோள்ல பொட்டியோட நின்னுட்டான். அந்த மண்டியில பெரியண்ணன எதுத்துச் சத்தம் போட்ட ஒரே ஆளு அவரு பொண்டாட்டி ஜானகியம்மா தான், அதுவும் தீவாளிக்குத் தீவாளி.

"ஏம்மா, நான் என்ன கேட்டுட்டேன் இப்ப?" பெரியண்ணன் துண்ட ஒதறித் தோள்ல போட்டாரு. "மண்டிக் கணக்கு எழுத, தக்காளி போடற சம்சாரிங்க பாக்க, ஒரு ஆப் செஞ்சு வெச்சிருக்கறோம். ஒருத்தனும் தொடமாட்டேங்கறான். கலர மாத்து, சேப்பாப் போடு, பளிச்சுன்னு இருக்கட்டும். மேல என் போட்டோவப் போடு. வெள்ளிக்கெழமைக்குள்ள குடுத்துடு. இதுல என்ன தப்பு?"

"ஏன் தொடமாட்டேங்கறாங்கன்னு உங்களுக்குத் தெரியுங்களா?"

"அது தெரிஞ்சா உன்ன எதுக்குக் கூப்புடறேன்?"

"எனக்கும் தெரியாதுங்க. தெரியாம ஒரு கோடு இழுக்க மாட்டேன். உங்க கணக்கு எழுதற ரைட்டர் பக்கத்துல ஸ்டூலப் போட்டு ஒக்காந்து மொதல்ல பாக்கணும். வரையறதெல்லாம் அதுக்கப்பறம்."

"ஒக்காந்து பாக்கறதுக்கு நான் காசு குடுக்கணுமா? இந்த மார்க்கெட்டுல சும்மா ஒக்காந்து பாக்கறவன் நூறு பேரு இருக்கறான், போய் அவனுங்களோட சேந்துக்க."

கூட்டம் கொல்லுன்னு சிரிச்சுது. சோபனாவுக்கு மூக்கு மட்டும் செவந்துச்சு. அவளுக்கு அழுக வந்தாலும் மூக்கு தான் செவக்கும், கோவம் வந்தாலும் மூக்கு தான் செவக்கும், எதுன்னு எதுக்க நிக்கறவன் தான் கண்டுபுடிச்சுக்கணும். பையத் தூக்கி மாட்டிக்கிட்டு, தக்காளித் தண்ணி வழுக்கற தரையில செருப்பு சறுக்காம, விறுவிறுன்னு வெளிய வந்துட்டா.

அவ வேற யாருமில்ல, லாரி டிரைவர் தர்மன் மவ. பாலக்கோட்டுத் தக்காளிய பெங்களூருக்கு ஏத்திக்கிட்டுப் போன அந்த தர்மன் தான். நல்ல மனுசன், குடி மட்டும் கொஞ்சம். நெஞ்சு வலின்னு ஒரு நாளு ஸ்டியரிங்க விட்டு எறங்குனவரு திரும்ப ஏறல. அவரு போனப்பறம் அவரு பொண்டாட்டி பாஞ்சாலி பணம் எடுக்க ஏடிஎம்முக்குப் போனா. கண்ணாடிக் கதவுக்குள்ள போயி, கார்டச் சொருகி, அது என்னமோ கேக்க, இவ என்னமோ அமுக்க, கார்டு வெளிய வந்துச்சு, காசு வரல. மறுக்கா சொருகுனா. மறுக்கா வெளிய துப்புச்சு. பின்னால வரிசையில நின்னவனுங்க 'உச்' கொட்டுனானுங்க. வெறுங்கையோட வூட்டுக்கு வந்து, "எனக்கு மண்ட இல்லடி, மண்ட இருந்தா இந்த கெதி வருமா"ன்னு தலையில அடிச்சிக்கிட்டா. அப்ப சோபனா பள்ளிக்கூடம் போற புள்ள. என்ன சொன்னா தெரியுமா? "உனக்கு மண்ட இல்லன்னு யாரு சொன்னா? அந்தப் பொட்டிக்குத் தான் மண்ட இல்ல. அதச் செஞ்சவன இழுத்தாந்து உன் பக்கத்துல நிக்க வெக்கணும்."

அன்னைக்குச் சொன்னத அவ விடவே இல்ல. தருமபுரியில இஞ்சினியர் படிப்பு, அப்பறம் பெங்களூர்ல கம்பெனி. போனத் தொறந்ததும் எங்க கைய வெக்கறதுன்னு முழிக்கறோமில்ல, அந்த முழி வராமப் பாத்துக்கற வேல. யூஎக்ஸ் டிசைன்னு பேரு. பேரு என்ன எழவா இருந்தா என்ன, வேல அது தான். எட்டு வருசம் பாத்தா. கடைசியில, தோட்டத்துக்குத் தண்ணி விடற மோட்டார் ஆப் ஒண்ணு செய்யச் சொன்னாங்க. "ஒரு தோட்டக்காரனப் பாத்துட்டு வந்து செய்யறேன்"னா. "அதெல்லாம் தேவையில்ல, கணக்கு எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்குது"ன்னு மேனேஜர் சொன்னான். "கம்ப்யூட்டருக்குத் தண்ணி விட்டுக்கங்க"ன்னு சொல்லிட்டு ரயிலேறிட்டா.

வந்தவ சும்மா இருந்தாளா? பஸ் ஸ்டாண்டு பக்கத்துல உரக்கடை மாடியில ஒரு ரூம்ப வாடகைக்குப் புடிச்சா. சொந்தமாக் கன்சல்டிங். கீழ யூரியா நாத்தம், மேல இவ. செவுரெல்லாம் மஞ்சச் சீட்டா ஒட்டுனா. அண்ணங்காரன் முருகேஷ், சரக்கு ஆட்டோ ஓட்டறவன், வந்து பாத்துட்டு, "என்ன புள்ள, மாரியாத்தா கோயில் தொட்டிலாட்டம் என்னத்தையோ ஒட்டி வெச்சிருக்கற?"ன்னு கேட்டான்.

"ஸ்ட்ராட்டஜிண்ணா."

"அப்டின்னா?"

"எத செய்வேன், எத செய்யமாட்டேன்னு தொழில் தொடங்கறதுக்கு முன்னாலயே முடிவு பண்றது."

"செய்யமாட்டேன்றது தான் உனக்குப் பொறப்புலயே நல்லா வருமே! அதுக்கு எதுக்கு இத்தன சீட்டு?"

பாஞ்சாலி சிரிச்சா. சோபனாவும் சிரிச்சா. ஆனா செவுத்துல இருந்தது வெளாட்டு இல்ல. அவளுக்குத் தெரிஞ்ச டிசைன் கம்பெனிங்க எல்லாம் சந்தக் கடையாட்டம், ஒரு ஸ்க்ரீனுக்கு இவ்வளவு, பத்து வாங்குனா ரெண்டு சும்மான்னு கூவிக்கிட்டு இருந்துச்சுங்க. சோபனா அப்படி விக்கறதில்லன்னு முடிவு பண்ணுனா. யாரு கையில அந்த ஆப் இருக்கப் போவுதோ அவங்க பக்கத்துல ஒக்காராம ஒண்ணும் வரையறதில்ல. வரைஞ்சத அவங்க கண்ணு முன்னால காட்டிப் பாக்காம வெளிய விடறதில்ல. காசு குடுக்கற மொதலாளியும் ஒரு நாளாவது கூட வந்து ஒக்காரணும், இல்லன்னா அந்த வேலையே வேண்டாம். கடையில இருக்கறதே அந்த மூணு சரக்கு தான், எடுக்கறவன் எடுக்கட்டும். கம்பெனிக்குப் பேரும் 'பக்கத்துல'ன்னே வெச்சா.

முருகேஷ் கெட்டவன் இல்ல. ரூம்புக்கு ஜாமீன் நின்னதே அவன் தான். ஆனா பயந்தாங்குளி. "ஆடிப்பெருக்கு வரைக்கும் பாரு. அதுக்குள்ள ஒரு பார்ட்டியாவது உன் பேச்சுக்கு ஒத்துக்கிட்டு வரணும். வரலன்னா ரூம்பக் காலி பண்ணிட்டு பெங்களூர் வேலைக்கே போயிடணும். அந்தப் பழைய கம்பெனிக்காரன் இன்னும் போன் பண்ணிக்கிட்டு தான இருக்கறான்?" சோபனா, "சரி"ன்னுட்டா. சொன்னா சொன்னது தான், அதுல அவ அப்பனாட்டம்.

ஆனி பொறந்தும் ஒரு ஈ காக்கா மாடியேறல. வந்த மொத ஆளு பெரியண்ணன் தான். அவரோடவே சண்டையப் போட்டுட்டு வந்து நிக்கறா.

"ஏன்டி, வலிய வந்தவர எதுக்குடி தொரத்துன?" பாஞ்சாலி கேட்டா.

"தொரத்தலம்மா. நாளைக்குப் போறேன்."

"அவரு தான் வேணாம்னுட்டாரே!"

"மார்க்கெட்டு அவரு பாட்டன் சொத்தா? வாசல்ல ஒக்காந்தா யாரு கேக்கறது?"

மறுநாளு விடியறதுக்குள்ள நீலக் கலர் பிளாஸ்டிக் ஸ்டூல் ஒண்ணத் தூக்கிக்கிட்டுப் போயி, பெரியண்ணன் மண்டி ரைட்டர் முனியப்பன் மேசைக்குப் பக்கத்துல, நடையோரமாப் போட்டு ஒக்காந்துட்டா. முனியப்பன் ஒல்லிப்பிச்சான், நெத்தி பூராப் பட்டை, காதுல பேனா. இருவது வருசமா அங்க கணக்கு எழுதறவரு. "பாப்பா, மொதலாளி பாத்தா கத்துவாரு"ன்னாரு. "கத்தட்டுங்க, நீங்க உங்க வேலையப் பாருங்க"ன்னா இவ.

அங்க தான் சறுக்குனா. எட்டு வருசம் ஏசியில ஒக்காந்த புத்தி. லாரி சத்தம் இன்னும் கேக்க ஆரம்பிக்கல, ஒரு பொட்டி கூட ஏலம் போவல. இவ முனியப்பன் கிட்ட, "அண்ணா, சும்மா ஒரு விக்கறதப் போட்டுக் காட்டுங்க, அப்பறம் கேன்சல் பண்ணிக் காட்டுங்க"ன்னா. முனியப்பனும் படிச்ச புள்ள கேக்குதேன்னு ஒரு பொட்டியப் போட்டாரு. கேன்சல் அமுக்குனாரு. போன்ல பெருசா, 'விற்பனை ரத்து'ன்னு வந்துச்சு.

பக்கத்துல நின்ன ஏவாரி அதப் பாத்துட்டான். "யோவ்! போணி ஆவறதுக்கு முன்னாலயே ரத்தா?"

அவ்வளவு தான். அன்னைக்குன்னு பாத்து எங்கயோ மழ, சரக்கு வாங்க வர்ற வெளியூர் லாரிங்க பாதி வரல. தக்காளி வெல படுத்துடுச்சு. ரத்து பண்ணுன பொண்ணு யாரு, தர்மன் மவளா, பெங்களூர்ல இருந்து வந்தவளான்னு மார்க்கெட்டு பூராப் பேச்சு. ஒரு சம்சாரி வாயத் தொறந்தே சொல்லிட்டான்: "ஏம்மா, வேற ஊர்ல பொறந்தவ செஞ்சா தெரியாமச் செஞ்சான்னு விடலாம். உனக்கு போணின்னா என்னன்னு தெரியாதா? உங்கப்பன் மொத லோடு ஏத்தறப்ப பொட்டிய ஒண்ணுன்னு கூட எண்ணமாட்டான். லாபம், ரெண்டு, மூணுன்னு தான் எண்ணுவான்."

அவளுக்குத் தெரியும். அது தான் கொடும. தெரிஞ்சே மறந்துட்டா. காலைல மொத யாவாரம் முடியற வரைக்கும் இல்ல, முடியாது, கடன், ரத்து ஒண்ணும் காதுல விழக்கூடாது. கேக்கறவன் கேட்ட வெலைக்காவது போணிய முடிச்சுட்டுத் தான் மத்த பேச்சு. பால் குடிக்கற புள்ளைக்குக் கூட அந்த ஊர்ல இது தெரியும்.

பெரியண்ணன் வந்தாரு, கேட்டாரு, கையெடுத்துக் கும்புட்டாரு. "தாயி, நீ எங்கயாவது போயி நல்லா இரு."

வூட்டுக்கு வந்தா முருகேஷ் வாசல்லயே நிக்கறான். மார்க்கெட்டுச் சேதி ஆட்டோவ விட வேகமாப் போவும். "போதுமா? இனிமே இந்த ஊர்ல ஒருத்தன் உன்னக் கூப்புடுவான்னு நெனைக்கறயா? துணிமணிய எடுத்து வெய்யி."

"ஆடிப்பெருக்கு இன்னும் வரலீங்களே, அண்ணா."

"வெக்கமே இல்லையா உனக்கு?"

"இருக்குது. தப்புப் பண்ணுனது நான் தான். அதுக்காக ஓடுனா தப்புப் பண்ணிட்டு ஓடுனவன்னு பேரு வரும். நாளைக்கும் அங்க தான் ஒக்காருவேன். அடிச்சா அடிக்கட்டும்."

"அடிப்பானுங்கடி, நெசமாவே அடிப்பானுங்க"ன்னு பாஞ்சாலி அழுதா. சோபனா, "அழுவாம ரெண்டு தோச ஊத்தும்மா, பசிக்குது"ன்னா. அவளுக்குக் கோவத்துல தான் நல்லாப் பசிக்கும்.

மறுநாளு போனா. ஸ்டூலப் போட்டா. வாயத் தொறக்கல. ஒருத்தனும் அவளப் பாத்துச் சிரிக்கல, திட்டவும் இல்ல, வெத்துச் சாக்கப் பாக்கற மாதிரி பாத்துட்டுப் போனானுங்க. அது திட்டறத விட மோசம். அவ பல்லக் கடிச்சிக்கிட்டு முனியப்பன் கையவே பாத்துக்கிட்டு இருந்தா.

முனியப்பன் வந்தாரு. மேசையத் தொடச்சாரு. ஊதுவத்தி கொளுத்தி, கல்லாப்பொட்டியத் தொட்டுக் கும்புட்டாரு. சட்டப் பையில இருந்து போன எடுத்தாரு. ஆபத் தொறந்தாரு. தொறந்த வேகத்துல போனக் குப்புறக் கவுத்து, கல்லாவுக்குப் பின்னால தள்ளிட்டாரு. சூடு பட்ட மாதிரி. ஏலம் ஆரம்பிச்சுது. துண்டுச் சீட்டுல எழுத ஆரம்பிச்சாரு. எழுதிக்கிட்டே இருந்தாரு. போனு கவுந்த மேனிக்கே கெடந்துச்சு. யாவாரம் முடிஞ்சு டீ வர்றப்ப தான் அத நிமித்துனாரு, அதுவும் மவனுக்குப் பேசறதுக்கு.

அடுத்த நாளும் அதே. பக்கத்து மண்டிக்காரன் ஒருத்தனும் அதே மாதிரி ஒரு ஆபத் தான் வெச்சிருக்கறான், அவனும் தொறந்தான், கவுத்தான்.

சோபனா போணி முடியற வரைக்கும் காத்திருந்தா. இந்த வாட்டி உசாரு. முடிஞ்சப்பறம் தான் கேட்டா: "அண்ணா, அதத் தொறந்தா மொதல்ல என்ன வருது, காட்டுங்க?"

முனியப்பன் நிமித்திக் காட்டுனாரு. 'இன்றைய விற்பனை'ன்னு போட்டு, அதுக்குக் கீழ கொழந்த தலை அளவுக்கு ஒரு சைபரு. வட்டமா, கறுப்பா, நடு நெத்தியில அடிக்கற மாதிரி.

காலங்காத்தால, சாமி கும்புட்டு, கல்லாவத் தொட்டுட்டுத் தொறக்கறவன் மூஞ்சில மொத மொதல்ல சைபரு. எவன் தொறப்பான்? ஒருத்தனும் வாயத் தொறந்து சொல்லல, ஏன்னா சொல்றதுக்கு அதுல ஒண்ணுமில்ல, கை தானாக் கவுக்குது. கவுத்துட்டு சீட்டுல எழுத ஆரம்பிச்சா, நடுவுல நிறுத்தி யாரு போனுக்கு மாறுவா? பெரியண்ணன் சேப்பு போட்டாலும் பச்ச போட்டாலும் சேப்பு சைபரு, பச்ச சைபரு தான் வரும்.

சோபனா மாடிக்கு ஓடுனா. அட்டைய வெட்டி, போன் அளவுக்குப் படம் போட்டா. தொறந்ததும் மேல 'லாபம்'னு ஒரு வார்த்த, அதுக்குக் கீழ வெறும் கோடு. சைபரு இல்ல. மொதப் பொட்டி வித்தப்பறம் தான் கணக்கு தெரியும். கேன்சலும் அதுக்கப்பறம் தான் வரும். மறுநாளு போணி முடிஞ்சதும் முனியப்பன் மேசையில அட்டைய வெச்சா. முனியப்பன் பாத்தாரு. அட்டைய எடுத்துக் கல்லா மேல, ஊதுவத்திக்குப் பக்கத்துல, நிமித்தியே வெச்சாரு.

அவளுக்கு மூக்கு செவந்துச்சு. அது கோவம் இல்ல.

பெரியண்ணனும் பாத்துட்டாரு. மனுசன் தக்காளிய அமுக்கிப் பாக்காமயே பழம் சொல்லுவாரு, இது புரியாதா? "அட, இவ்வளவு தானா!"ன்னு தொடையில தட்டுனாரு. பையில இருந்து நோட்ட எடுத்து நீட்டுனாரு. "இந்தா, வெச்சுக்க. சைபர எடுக்கணும், அவ்வளவு தான? அருண்குமார் கிட்டச் சொல்லிடறேன், அவன் கம்பெனி பசங்க எடுத்துடுவாங்க."

அருண்குமாருங்கறது அவரு அக்கா மவன், பெங்களூர்ல இருக்கறவன். ஆபச் செஞ்சதே அவனுக்குத் தெரிஞ்ச பசங்க தான்.

"எடுத்துட்டு அந்த எடத்துல என்ன போடுவாங்க?"ன்னு கேட்டா சோபனா.

"ஏதோ ஒண்ணு போடுவாங்க."

"அந்த ஏதோ ஒண்ண, வெளிய விடறதுக்கு முன்னால இவரு கையில குடுத்துப் பாக்கணும். நீங்களும் இங்க ஒக்காந்து பாக்கணும். அது தாங்க என் வேல. சைபரு எடுக்கறது இல்ல."

"நான் மண்டிக்கு மொதலாளி. ஸ்டூல்ல ஒக்காந்து என் ரைட்டர் கையப் பாத்துக்கிட்டு இருக்கறதா? ஊரு சிரிக்கும்!"

"அப்ப காச நீங்களே வெச்சுக்கங்க."

வாங்கலீங்க. நெசமாவே வாங்கல. நீட்டுன கை நீட்டுன மேனிக்கே நிக்க, ஸ்டூலத் தூக்கிக்கிட்டு நடந்துட்டா.

அன்னைக்கு முருகேஷ் வூட்ட ரெண்டாக்கிட்டான். "வந்த காச வேணாம்னியா? நீ கண்டுபுடிச்சுச் சொன்னத அவரு சும்மா எடுத்துக்கிட்டாரு, நீ சும்மா வந்துட்ட! பைத்தியமா நீ?"

"இன்னைக்கு சைபர எடுத்ததுக்குக் காசு வாங்குனேன்னா, நாளைக்கு ஊரே சைபர எடுக்கறவன்னு தான் கூப்புடும். ஒரு கோடு அழிக்க இவ்வளவு, ரெண்டு கோடு அழிக்க இவ்வளவு. அதுக்கு நான் பெங்களூர்லயே இருந்திருப்பேன்."

"ஆடிப்பெருக்குக்கு எத்தன நாளு இருக்குதுன்னு எண்ணிக்க."

"நீங்களே எண்ணுங்க. லாபத்துல இருந்து ஆரம்பிங்க."

முருகேஷுக்கு வந்த கோவத்துல ஆட்டோவ எடுத்துக்கிட்டு கம்பைநல்லூர் வரைக்கும் வாடகை இல்லாமயே போயிட்டு வந்தான். அவன் அப்படித்தான், கோவத்த டீசலா எரிக்கறவன்.

ஆடி பொறந்துச்சு. சோபனா மாடியில ஒக்காராம ஓட்டலு, மருந்துக்கடை, சீட்டுக் கம்பெனின்னு ஒவ்வொண்ணா ஏறி எறங்குனா. "மொதலாளியும் கூட ஒக்காரணும்"னு சொல்லுவா, "சொல்லி அனுப்பறோம்மா"ம்பாங்க. ஒருத்தனும் சொல்லி அனுப்பல. ராவெல்லாம் புரண்டு படுத்தான்னு பாஞ்சாலி பக்கத்து வூட்ல சொல்லி அழுதா. அந்த மஞ்சச் சீட்டுல ஒண்ணக் கிழிச்சுப் போட்டா வேல கெடைக்கும், மூணாவது சீட்டு, மொதலாளி ஒக்காரணுங்கறது. கையக் கூட வெச்சா அது மேல. கிழிக்கல. காத்தாடி காத்துக்கு ஓரம் தூக்கிக்கிட்டு இருந்துச்சு, இன்னும் கொஞ்சம் பசை போட்டு அமுக்கி ஒட்டுனா.

பெட்டியில துணிய மட்டும் மடிச்சு வெச்சா. சொன்னா சொன்னது தான்.

ஆடிப்பெருக்குக்கு மொத நாளு வெடிகாலையில, பெரியண்ணன் வூட்ல போன் அடிச்சுது. ஜானகியம்மா எடுத்தாங்க. பெண்ணாகரம் பக்கத்துல இருந்து ஒரு சம்சாரி. அவன் கொரலு தழுதழுக்குது. "ஆத்தா, அண்ணன் எப்பங்க போனாரு? எப்ப எடுக்கறீங்க?"

"மண்டிக்கு இப்பத்தான் போனாரு. என்னத்த எடுக்கறது?"ன்னாங்க ஜானகியம்மா.

அந்தாள் போன வெக்கல, அதுக்குள்ள இன்னொருத்தன். அப்பறம் மாரண்டஹள்ளி ஏவாரி. அப்பறம் ஜானகியம்மாவோட சொந்தத் தம்பி, மாலை வாங்கிக்கிட்டு பஸ் ஏறிட்டேன்னான்.

என்ன ஆச்சுன்னா, அருண்குமாரோட பசங்க சைபர எடுத்துட்டாங்க. எடுத்த எடத்துல மாமா ஆசப்பட்டாரேன்னு அவரு போட்டோவப் போட்டுட்டாங்க. டீசண்டா இருக்கணும்னு கறுப்பு வெள்ளையில. சும்மா இருந்தா மொட்டையா இருக்குதுன்னு சுத்திப் பூவு வெச்சு ஒரு பார்டரு. கீழ கை கூப்பி, பேரு. ஆப் ஏத்தி வெச்சிருந்த சம்சாரி, ஏவாரி அத்தன பேரு போனுக்கும் அது வெடிகாலையில தானாப் போயிடுச்சு. ஆடிப்பெருக்கு நல்லா இருக்கட்டும்னு தான் எழுதியும் இருந்தாங்க, ஆனா அது பொடி எழுத்து. பாக்கறவன் கண்ணு எங்க நிக்கும்? நம்ம பக்கம் பஸ் ஸ்டாண்டு செவுத்துல பூவு பார்டரு போட்டு கறுப்பு வெள்ளையில ஒரு மூஞ்சி இருந்தா, அது எதுக்கு ஒட்டுனதுன்னு எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் தெரியும்.

அதுவும் போணிக்கு முன்னால.

மண்டியில முனியப்பன் ஆபத் தொறந்தாரு, மொதலாளியப் பாத்தாரு. எதுத்தாப்புல நின்ன மொதலாளியப் பாத்தாரு. அந்தப் படத்த மூடணும்னா நெத்திக்கு நடுவுல ஒரு பெருக்கல் குறி இருக்குது, அதுல வெரல வெச்சு அமுக்கணும். "நான் செத்தாலும் அமுக்கமாட்டேனுங்க"ன்னு போனக் கவுத்துட்டாரு. ஏலத்துக்கு வந்தவனெல்லாம் பெரியண்ணனத் தொட்டுத் தொட்டுப் பாத்துட்டுப் போனான். ரெண்டு சம்சாரிங்க, மண்டி மூடியிருக்கும்னு பொட்டிங்கள பக்கத்து மண்டியில எறக்கிட்டாங்க.

மத்தியானம் உரக்கடை மாடிப்படியில செருப்புச் சத்தம். பெரியண்ணன். மூச்சு வாங்குது. சோபனா பெட்டியோட ஜிப்ப இழுத்துக்கிட்டு இருந்தா, முருகேஷ் கீழ ஆட்டோவோட காத்துக்கிட்டு இருந்தான்.

"போஸ்டர் அடிக்கறவன் போதும்னு நீ அன்னைக்கே சொன்ன"ன்னாரு.

"அது கோவத்துல சொன்னதுங்க."

"கோவத்துல சொன்னது தான் நடந்துச்சு. என் மச்சான் மாலையோட வந்து எறங்கிட்டான், பாப்பா. அவனத் திருப்பி அனுப்பறதுக்குள்ள... சரி, வுடு. என்ன பண்ணணும், சொல்லு."

வேற ஒருத்தியா இருந்தா சிரிச்சிருப்பா, காபி வாங்கிக் குடுத்திருப்பா. இவ செவுத்தக் காட்டுனா. "மூணு சீட்டு இருக்குது. படிச்சுட்டுச் சொல்லுங்க. ஒண்ணு கொறஞ்சாலும் நான் இல்ல. ஒரு நாளைக்கு இல்ல, சீசன் முடியற வரைக்கும் நான் தான் பாப்பேன். அருண்குமார் பசங்க நான் சொல்லாம ஒரு பூவு கூட வெக்கக் கூடாது."

பெரியண்ணன் கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் படிச்சாரு. மூணாவது சீட்டுல நின்னாரு. "மொதலாளியும் ஒக்காரணும்"னு வாய்க்குள்ள முணுமுணுத்தாரு. அந்த சீட்டு தான் நல்லா பசை போட்டு ஒட்டியிருந்துச்சு.

"எத்தன நாளு?"

"உங்களுக்குப் புரியற வரைக்கும்."

"திமிருடி உனக்கு"ன்னாரு. ஆனா தலையாட்டிக்கிட்டே தான் சொன்னாரு. "நாளைக்கு வர்றேன். போணி முடிஞ்சப்பறம் தான் பேசுவ, இல்ல?"

"அதுக்கு முன்னால நீங்களே பேசுனாலும் காதப் பொத்திக்குவேனுங்க."

அவரு படியெறங்கிப் போனாரு. முருகேஷ் மேல வந்து பெட்டியத் தூக்கப் போனான். "அத எதுக்குத் தூக்கறீங்க?"ன்னா சோபனா. அவன் பெட்டியப் பாத்தான், தங்கச்சியப் பாத்தான், ஜன்னல் வழியாப் போற பெரியண்ணன் வெள்ள வேட்டியப் பாத்தான். அப்பறம் தான் ஒறச்சுது. சிரிச்சான் பாருங்க, உரக்கடக்காரன் கீழ இருந்து என்னன்னு எட்டிப் பாத்தான். ஒடனே கணக்குப் போட ஆரம்பிச்சுட்டான்: "இனிமே பார்ட்டிங்க வந்து போற எடம். ஒரு சுத்தற சேரு வாங்கு. ஏசி ஒண்ணு மாட்டு. வாசல்ல லைட்டு போட்ட போர்டு. வா, இப்பவே போலாம்."

"வாங்க, போலாம். வாங்க வேண்டியது ஒண்ணு இருக்குது."

பஸ் ஸ்டாண்டு எதுத்தாப்புல பிளாஸ்டிக் சாமான் கடையில ஆட்டோவ நிறுத்தச் சொன்னா. முருகேஷ் எறங்காமயே கத்துனான், "இங்க என்னடி சுத்தற சேரு கெடைக்கும்?" அவ காதுல வாங்கல. அடுக்கி வெச்சிருந்ததுல ஒண்ண உருவி, கவுத்துப் போட்டு, மேல ஏறி நின்னு ஒரு குதி குதிச்சுப் பாத்தா. பெரியண்ணன் நல்ல கனம். நீலம் தன்னோடது இருக்குது, மொதலாளிக்குப் பச்ச இருக்கட்டும்னு பச்சையே எடுத்தா. கடக்காரன் எரநூறு சொன்னான். நூத்தி எழுவதுக்குக் குடுத்தான்.